செல்லையாவின் டயரும் என் வயிற்றெரிச்சலும்

கிரிக்கெட் ஊரில் பேஸ்பால் சொல்லிக்கொடுப்பது, பிரியாணிக் கடை வாசலில் பழைய சோறு விற்கிற பிழைப்பு. அதிலும் போட்டிக்கு ஆள் வந்துவிட்டால் என்னத்தைச் சொல்ல! சங்கரன்கோவிலில் நான் விளையாட்டு வாத்தியார், வாசுதேவநல்லூரில் செல்லையா. எனக்குப் பின்னால் ஆரம்பித்தவன். மாவட்டப் பெண்கள் அணியோடு மாநிலப் போட்டிக்குப் போகிற கோச் இடம் ஒன்றே ஒன்று. அவனா, நானா என்று இருந்தது. பக்கத்து ஊர்க்காரன் நன்றாக இருந்தால் சோறு இறங்காத என் இனத்தாரே, கேளுங்கள்.

பின்னங்கால்

பேஸ்பாலில் பந்தைக் கையால் அடிக்கக் கூடாது, இடுப்பால் அடிக்க வேண்டும். பின்னங்கால் சுழல, இடுப்பு திரும்ப, கை கடைசியாக வரணும். தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளோ மட்டையை நேராகப் பிடித்து முன்னங்காலை நீட்டும். பிளஸ் டூ படிக்கிற இசக்கியம்மாள்தான் என் நம்பிக்கை. நல்ல பலம். ஆனால் இடுப்பு அம்மிக்கல் மாதிரி அசையாது. "சுழற்று, சுழற்று" என்று தொண்டை வற்றக் கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்:

"எதச் சார் சுழத்தணும்? மட்டையவா, என்னையவா?"

பீடி

நட்பு ஆட்டம் என்று சாக்குச் சொல்லி என் பிள்ளைகளோடு வாசுதேவநல்லூருக்கு உளவு பார்க்கப் போனேன். வேப்பமரத்தில் பழைய டயரைத் தொங்கவிட்டு அடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தான் செல்லையா. பின்னங்காலுக்கடியில் பீடி புகையுது, அதை நசுக்கிக்கிட்டே அடி என்றான். அவ்வளவுதான், அத்தனை இடுப்பும் திரும்பியது. இசக்கியும் போய் வரிசையில் நின்றாள். அவள் அடித்த அடியில் கிளையே ஆடியது.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த வார்த்தை எனக்கு ஏன் வரவில்லை? இத்தனைக்கும் பீடி குடிக்கிறவன் நான், அவன் இல்லை. கிளம்பும்போது டீ வேறு வாங்கிக் கொடுத்துச் சொன்னான்:

"ஞாயித்துக்கிழம பிள்ளைகள அனுப்பி வைங்க அண்ணாச்சி, மரமும் டயரும் இங்கனதான கெடக்கு."

தேர்வு

நான் அனுப்பவில்லை. இசக்கி அவளாகவே வாராவாரம் பஸ் ஏறிப் போய்வந்திருக்கிறாள்.

அணிக்கு ஆளும் கோச்சும் எடுக்கிற மாவட்டத் தேர்வில் அவள் அடித்த பந்து எல்லாருடைய தலைக்கும் மேலே போனது. பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடணும். சுற்றி வரும்போது தளத்தை, அதாவது பேஸை, தொட வேண்டியது உடம்புதான். இவள் மட்டையும் கையுமாக ஒரு சுற்று ஓடிவந்து, கடைசித் தளத்தில் கிரிக்கெட் கோட்டைத் தொடுகிற மாதிரி மட்டையை நீட்டித் தேய்த்துக்கொண்டு நின்றாள். பந்தோடு காத்திருந்த பெண் அந்தப் பந்தால் இவள் தோளைத் தொட்டாள். அவுட்.

தேர்வாளர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரம்மா உன் கோச் என்று கேட்டார்கள். ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை:

"அடிக்கச் சொல்லித் தந்தது செல்லையா சார். ஓடச் சொல்லித் தந்தது எங்க சார்."

இசக்கியையும் கூட்டிக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போயிருக்கிற செல்லையா வேளைக்கு ஒரு போட்டோ அனுப்புகிறான், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வேளைக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.