மேடையின் இடது ஓரம்

எங்கள் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் சேகர் அண்ணன் மாரடைப்பில் இறந்த மறுவாரம், காரைக்குடியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். மண்டபம், மைக், மாலை எல்லாம் நானே பார்த்தேன். அழுகை வரவில்லை.

முன்வரிசையில் அவர் மனைவி. மதினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒவ்வொருவராகப் பேசினோம். மதினி யாரையும் பார்க்காமல் மேடையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மதினியின் தங்கை என்னிடம் வந்தார். "தம்பி, எல்லாரும் மச்சானப் பத்திப் பேசுறீக. அக்காவுக்கு யாரு சொல்றது?"

மண்டபம் நிறைய மொழிபெயர்ப்பாளர்கள். சைகை செய்ய ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் கூட்டங்களில் அந்த ஓரத்தில் நிற்பது எப்போதும் சேகர் அண்ணன்தான். அதனால் வேறு யாரையும் ஏற்பாடு செய்ய எனக்குத் தோன்றவே இல்லை.

போய் அங்கே நின்றேன். இதுவரை என்ன சொன்னார்கள் என்று மதினி கையால் கேட்டார். எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. முதலில் பேசியவரையே மறுபடி பேசச் சொன்னேன்.

காது கேளாதவர்கள் சேகர் அண்ணனுக்கு வைத்திருந்த பெயர், மீசையைத் தடவுகிற சைகை. அதைச் செய்ய என் விரல் மேலுதட்டுக்குப் போனது. அவர் இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.