கடிகாரக் கடையின் மூன்று படிகள்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் அத்தைக்குரிய பக்கத்தில், தொழில் என்ற கட்டத்தில் நான்கு பணியிடங்கள் உள்ளன: கடிகாரக் கடை, கேசட் கடை, செல்போன் கடை, ஆயத்த ஆடைக் கடை. முகவரி மட்டும் ஒன்றே.

"உங்க அத்தைக்கு ஒரு வேலையில நிலைக்கத் தெரியாது," என்று என் அம்மா அவர் காதுபடவே சொல்வார்.

"நான் நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன் அண்ணி. கடைங்கதான் வேலையை விட்டுட்டுப் போகுது," என்பார் அத்தை.

அத்தை அந்த இடத்தை விட்டு நகராததற்குக் காரணம் சித்தப்பா, அத்தையின் ஒரே தம்பி. கடைத்தெருக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை கடிகாரக் கடைப் படியில் போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. அந்தக் கடைக்கு மட்டுமே மூன்று படிகள். பத்தொன்பது வயதில், தாத்தாவிடம் அடிவாங்கிய அன்று, சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் சொன்னார்: "இந்த வாசலை இனிமே மிதிக்க மாட்டேன்க்கா. வந்தா அந்தப் படியில வந்து நிப்பேன்."

அடுத்த மாதமே அத்தை அந்தக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

நாற்பத்தொரு ஆண்டுகள். எதிரே குடை பழுதுபார்ப்பவர் அமர்ந்த இடத்தில் பணம் எடுக்கும் இயந்திரம் வந்தது. புகைப்பட நிலையம் மருந்துக் கடையாகி, பின் மூக்குக்கண்ணாடிக் கடையானது. தன் கடை கைமாறும்போதெல்லாம் அத்தை புதிய முதலாளியிடம் கேட்டது ஒன்றே: வாசலைப் பார்த்த மேசை. படியில் எவர் காலடி விழுந்தாலும் தலை நிமிரும்.

சென்ற ஆண்டு ஆடைக் கடைக்காரர் அடுத்த கட்டடத்தையும் வாங்கி, வாசலை அந்தப் பக்கம் மாற்றினார். படிகளை உடைத்தார்கள், பழைய வாசலைச் சுவரெழுப்பி அடைத்தார்கள். அத்தைக்குச் சன்னலில்லாத மாடியில் சட்டை மடிக்கும் வேலை. கீழே இடம் கேட்டிருந்தார். மேலாளர் யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாடிக்கு வந்த காவலாளி பேச்சுவாக்கில் சொன்னார்:

"காலையில ஒரு பெரியவர் வந்தாரும்மா. அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னார். கடிகாரக் கடை எங்கன்னு கேட்டார். அப்படி ஒரு கடையே இங்க இல்லன்னுட்டேன்."

அத்தையின் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"நீங்க வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"போன மாசம்தான்."

"வேற என்ன கேட்டார்?"

"படி எங்கன்னார். லிஃப்டே இருக்கு சார்னு சொன்னேன்."

கேமராப் பதிவில் முதுகு மட்டுமே தெரிந்தது: நரைத்த தலை, தோளில் ஒரு பை. அத்தை பதினொரு முறை பார்த்தார், நானும் பார்த்தேன். அவர்தானா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் அம்மனிதர் வலது காலைத் தூக்கி, இல்லாத படியில் வைக்கப்போவதுபோல் சற்று நிறுத்தி, மெல்லக் கீழே இறக்கினார்.

மறுநாள் அத்தை வேலையை விட்டார். இப்போது கடை திறந்தது முதல் மூடும்வரை அந்தச் சுவரோரம் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

பதிவேட்டில் ஐந்தாவதாக என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"அதே முகவரின்னு போடு," என்றார், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.