வெந்நீரில் விழுந்த பச்சைத் தொப்பி: ஒட்டாவாவிலிருந்து வில்லரேக்கு ஒரு நாள்

பிப்ரவரி மாதம் மொன்ட்ரியாலுக்கு யாராவது ஆசைப்பட்டுப் போவார்களா? நான் போனேன். அதுவும் மூன்று பழைய தொப்பிகளுக்காக. "போகவர நானூறு கிலோமீட்டர், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் என் கணவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் குளிர் கோட்டு மாட்டும் அலமாரியில் இப்போது கோட்டுக்கு இடமில்லை, இருபத்து மூன்று தொப்பிகள் இருக்கின்றன.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் கோயம்புத்தூர்க்காரி, ஒட்டாவாவில் வேலை. ஆறு வருடமாக ஐரோப்பாவில் செய்த பழைய கம்பளித் தொப்பிகளைச் சேர்க்கிறேன். கம்பளியை நெய்யாமல், நீராவியிலும் அழுத்தத்திலும் இறுக்கி ஒரே துண்டாக ஆக்கிய ஃபெல்ட் தொப்பிகள். எங்கும் தையல் இருக்காது. முயல் முடியில் செய்தவை வசதியானவர்களுடையவை. கம்பளியில் செய்தவை பேருந்தில் போனவர்களுடையவை. எனக்குப் பிடித்தவை இரண்டாவது ரகம்.

பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். சோபாவில் வரிசையாக ஒரு பச்சை, ஒரு சாம்பல், ஒரு பழுப்பு. பச்சையில் ரிப்பனுக்குப் பதிலாக முறுக்குக் கயிறு சுற்றியிருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து வேலைப்பாடு, மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ரகம்! மூன்றும் சேர்த்து அறுபது டாலர். விற்பவர் மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் இருக்கும் வசந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். தான் பராமரித்த முதியவர் ஒருவர் இறந்ததும் அவர் வீட்டார் கொடுத்தவை என்றார். தொலைபேசியில் நான் என் பெருமையை வேறு அளந்துவிட்டேன்: "தொப்பியைத் திருப்பிப் பார்த்தாலே எந்த நாடுன்னு சொல்லிடுவேங்கக்கா!" அந்த வாய்ச்சவடால்தான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

பயண விவரம்: ஒட்டாவாவில் காலை 8 மணிப் பேருந்து, ஒரு வழிக்கு 41 டாலர், இரண்டு மணி இருபது நிமிடம். மொன்ட்ரியால் பேருந்து நிலையத்திலிருந்து குளிரில் கால் வைக்காமலே உள்வழியாக மெட்ரோவுக்கு இறங்கிவிடலாம். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த ஊரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம். டிக்கெட் 3.75. ஆரஞ்சுப் பாதையில் ஏழாவது நிறுத்தம் ஜாரி. வெளியே வந்தால் மைனஸ் பதினெட்டு. முனையிலிருந்த தெப்பனேரில் (இங்கே பெட்டிக்கடைக்கு அப்படித்தான் பெயர்) இரண்டேகால் டாலருக்கு ஒரு காப்பி வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தேன். வில்லரே வீடுகளின் இரும்புப் படிகள் வெளிப்புறமாக வளைந்து ஏறும். படம் எடுக்க அவ்வளவு அழகு. பனி உறைந்த நாளில் ஏறிப் பாருங்கள், குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும்.

11.20க்கு மணி அடித்தேன். கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகமே சரியில்லை.

"வாங்கோ தங்கச்சி, உள்ளுக்கை வாங்கோ. முதல் ஒண்டு சொல்லோணும், கோவிக்கப்படாது."

மேசைமேல் இரண்டு தொப்பிகள் இருந்தன. மூன்றாவதாகப் பச்சையாக ஏதோ ஒன்று, தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு.

"செத்தவீட்டுச் சாமானெல்லோ. துடக்கோடை உங்களுக்குத் தரேலுமே? மஞ்சள் தண்ணி தெளிச்சு, நல்ல சுடுதண்ணியிலை மெஷினிலை போட்டனான். இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது!"

"ஐயோ அக்கா, வெந்நீரா?" என்றேன். கம்பளி ஃபெல்ட் வெந்நீரைப் பார்த்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், மறுபடி விரியாது. உள்ளே நெற்றி படும் தோல் பட்டை பாகற்காய் வற்றலாகச் சுருண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். சாவு வீட்டுப் பொருளைத் தீட்டோடு அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று எனக்காகத்தான் கழுவியிருக்கிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மற்ற ரெண்டையும் மெஷினிலை போடேல்லை. காசும் வேண்டாம் தங்கச்சி, எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. ஆனா எனக்கு ஒண்டு தெரியோணும். அவர் எந்த நாட்டு மனிசன்?"

பெரியவர் மொன்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசாரில் தனி வீட்டில் இருந்தவர். ஆறு வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் 'மிஸியே போல்' (போல் ஐயா) என்று கூப்பிடுவார்களாம், அதுவும் இங்கே வந்து மாற்றிக்கொண்ட பெயராம். வீட்டைக் காலிசெய்ய வந்த தூரத்து மருமகனுக்கு 'ஐரோப்பா' என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

"கடைசி ரெண்டு கிழமை பிரெஞ்சை விட்டுட்டார். வேறை ஏதோ பாஷை கதைச்சார். என்ரை கையைப் பிடிச்சு ஒண்டையே திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் என்ன செய்யிறது? 'ஓம் ஐயா, ஓம்' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தன். இப்ப நித்திரை வருகுதில்லை. என்னத்துக்கு ஓம் எண்டனோ! நான் சாகப்போறனோ எண்டு கேட்டிருந்தா?"

பேருந்துக் கணக்கு அதோடு மறந்துபோயிற்று. பழுப்புத் தொப்பியை எடுத்தேன். அளவு ஏழும் எட்டில் ஒன்றும் என்று அங்குலக் கணக்கில் இருந்தது, ஆகவே இது இங்கேயே கடையில் வாங்கியது. அடுத்து சாம்பல். அடடா, என்ன வேலை! இவ்வளவு வயதாகியும் விளிம்பை மடக்கி விட்டால் தானாக நிமிர்ந்து நின்றது. உள் துணியில் தங்க எழுத்தில் வியன்னா என்று பொறித்திருந்தது.

"அப்ப ஒஸ்ரியாவோ?" அக்கா எழுந்தே விட்டார்.

நானும் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தொப்பி சேர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கேயோ செய்த தொப்பியிலும் பகட்டுக்காக வியன்னா, பாரிஸ் என்று அடித்துவிடுவார்கள். அதனால் தோல் பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினேன். பின்னால் சிறிய அளவுச் சீட்டு, 58. சென்டிமீட்டர் கணக்கு, ஆகவே ஐரோப்பா உறுதி. சீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ தடிப்பாக விரலில் பட்டது.

தொப்பி பெரிதாக இருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் செய்தித்தாளை நாலாக மடித்துப் பட்டைக்குப் பின்னால் செருகிக்கொள்வார்கள். பச்சையில் அப்படி ஏதாவது இருந்திருந்தாலும் மெஷினில் கூழாகியிருக்கும். அக்கா புருவம் திருத்தும் இடுக்கியைக் கொண்டுவந்தார். காகிதத்தை மெதுவாக இழுத்துப் பிரித்தேன். வரி விளம்பரங்கள். தேதி இருக்கும் மூலை கிழிந்துவிட்டது. ஆனால் மூன்று விளம்பரங்களில் முகவரி முடியும் இடத்தில் புடாபெஸ்ட் என்று இருந்தது.

"ஹங்கேரி அக்கா," என்றேன். "தொப்பி எங்க செஞ்சதோ தெரியாது. ஆனா இந்தப் பேப்பரை மடிச்சு வெச்சது அவர்தான்னு நினைக்கிறேன்."

அக்கா கைபேசியை எடுத்தார். என்ன மொழி என்று மகளிடம் கேட்பதற்காகப் பெரியவரின் பேச்சைப் பதிந்து வைத்திருந்தாராம். பதினோரு விநாடி. மகள் ரஷ்யன், போலிஷ் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறாள். நான் என் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் ஹங்கேரியனைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். வறண்ட ஒரு கிழக்குரல் ஏதோ கேட்டது. பின்னால் அக்காவின் குரல், "ஓம் ஐயா, ஓம்." மறுபடி அதே கேள்வி. மறுபடி ஓம்.

திரையில் தமிழில் வந்தது: வெளியே குளிராக இருக்கிறதா?

நம்பாமல் இன்னொரு தடவை போட்டோம். அதேதான். "அப்ப தை மாசமெல்லோ," என்றார் அக்கா. "குளிர்தானே. நான் சரியாத்தானே சொல்லியிருக்கிறன்!" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் அழுதேன். ஒரு பச்சைத் தொப்பிக்காக இந்த மனுஷியிடம் மனதுக்குள் கோபப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே செருகினேன். சாம்பல் தொப்பியை அக்கா தரமாட்டேன் என்றார், நானும் கேட்கவில்லை. மற்ற இரண்டுக்கும் காசு வாங்க மறுத்ததால் நாற்பது டாலரைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மாலை 4.30 பேருந்து, ஏழரை மணிக்குள் வீடு. சிரட்டைத் தொப்பியைப் பார்த்த கணவர், "இது யாருக்கு, நம்ம வீட்டுப் பூனைக்கா?" என்றார். அது இப்போது அலமாரியின் முதல் தட்டில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு. சாமான் கைக்கு வரும்வரை எதையும் கழுவ வேண்டாம் என்று விற்பவரிடம் தொலைபேசியிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள். அழுக்குக்கு மென்மையான தூரிகை போதும், தண்ணீரே வேண்டாம். உள் துணியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், அளவுச் சீட்டைப் பாருங்கள். குளிர்காலத்தில் இரும்புப் படிக்கு ஆணி வைத்த காலணி அவசியம். பட்டைக்குப் பின்னால் காகிதம் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து குரல்செய்தி வந்தது: "தங்கச்சி, நேற்று நல்ல நித்திரை. காலமை சாமிக்கு விளக்கு வைக்கேக்கை அவருக்கும் சொன்னனான். ஓம் ஐயா, வெளியிலை குளிர்தான், இண்டைக்கு மைனஸ் இருபத்தொண்டு எண்டு."