நாலாவது மாடிக்கு ஒரு ஜெபம்

லிஃப்ட்டு ஓட்றவன் பொழப்பு இருக்குதே, நாள் பூரா மேல போய்க்கினே இருப்பான், சாயங்காலம் பாத்தா பொறப்பட்ட எடத்துலயே நிப்பான். திருப்பதியில ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரியில எனக்கு அந்த வேலை தான். ஊரு கங்காதர நெல்லூரு, பேரு சாமுவேலு. நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும். எங்க லிஃப்ட்டும் அஞ்சாவது மாடி வரைக்கும் தான் போவுது. ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம எங்க பாஸ்டர் சொன்னாரு, "அவனவன் வேலை செய்யற எடத்துலயே ஆண்டவர் பாடம் நடத்துவாரு, கண்ணத் தெறந்து பாருங்க"ன்னு. நானும் ஸ்டூல்ல ஒக்காந்துகினு தெறந்து பாத்தேன். பாடமெல்லாம் நல்லாத் தான் நடத்துனாரு. நான் தான் எல்லாத்துலயும் ஃபெயிலு. ஒக்காந்த எடத்துலயே போறவன் வர்றவன்கிட்டல்லாம் பேச்சு வாங்கற ஜனங்க நீங்களும் இருப்பீங்க இல்ல? உங்களுக்குத் தான் இது.

யாரு வெயிட்டு?

எங்க லிஃப்ட்டு எட்டு பேரத் தாங்கும். அதுக்கு மேல ஒரு கால் உள்ள வந்தா கீய்ய்னு கத்தும். அன்னிக்கு கொழந்தயப் பாக்க ஒரு குடும்பமே பூந்துச்சு, பூவு, ஃப்ளாஸ்க்கு, ஸ்வீட் பாக்ஸோட. எல்லாம் நல்லா வளந்த ஒடம்பு. கடைசியா ஒல்லியா ஒரு ஆளு கால வெச்சாரு, ஃபேன் போட்டா பறந்துடுவாரு, அப்படி. லிஃப்ட்டு கத்திடுச்சு.

"யாராச்சும் ஒருத்தர் எறங்குங்க"ன்னேன். அத்தினி பேரும் அந்த ஒல்லி ஆளையே பாத்தாங்க. சர்ச்சுலயும் இதே கத தான். பாவத்த விடுங்கன்னு பாஸ்டர் சொன்ன ஒடனே நாங்க பக்கத்துல இருக்கறவனத் தான் பாப்போம். நான் எப்பவும் என் மச்சானப் பாப்பேன். அந்த ஆளு எறங்கி நின்னுகினு சொன்னாரு: "நான் படியிலயே போறேன்யா. ஆனா கடைசியா ஏறுன நாப்பது கிலோவப் பாத்துக் கத்துதே, மொதல்ல ஏறுன நூறு கிலோவ ஒண்ணும் கேக்கலியே உன் லிஃப்ட்டு?"

ஏழு தடவ

முனிரத்தினம் பலமனேர்ல தக்காளி போடறவன். முப்பது வயசு இருக்கும். அவன் பொண்டாட்டி கௌரிய தோட்டத்துல பாம்பு கடிச்சு, நாலாவது மாடி ஐசியூல மூச்சு மெஷினு வெச்சுப் படுக்க வெச்சிருந்தாங்க. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், அவ்ளோ தான் பாக்க வுடுவாங்க. அவன் லிஃப்ட்டுல ஏறுன ஒடனே நாலாம் நம்பர் பட்டன டப்பு டப்புன்னு ஏழு தடவ அமுக்குவான்.

"தம்பி, ஒரு தடவ அமுக்குனா போதும், லைட்டு எரியுது பாரு. ஏழு தடவ அமுக்குனா ஏழாவது மாடிக்கா போவும்? நம்மகிட்ட இருக்கறதே அஞ்சு"ன்னேன்.

அவன் சிரிக்கல. என் கழுத்துல இருந்த சிலுவையப் பாத்தான். "அண்ணா, மேல மலையில பெருமாளுக்கு மொட்ட வேண்டிக்கினேன். நீ உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்றியா?"ன்னான்.

"கண்டிப்பா ஜெபம் பண்றேம்பா"ன்னேன். எங்களவங்களுக்கு அது, போறப்ப 'வர்றேன்' சொல்ற மாதிரி. தானா வாய்ல வந்துடும். கதவு மூடுச்சு, அடுத்த ஆளு ஸ்கேன் எங்கன்னு கேட்டாரு, ஜெபம் அங்கயே எறங்கிப் பூடுச்சு.

மறுநாளு, "சொன்னியாண்ணா?"ன்னான். "ஓ, சொல்லிட்டேனே"ன்னேன். அதுவும் தானா தான் வந்துச்சு.

அவன் பட்டன் அமுக்கற கதய ஐசியூ நர்சு ரமாதேவி சிஸ்டர்கிட்ட சொல்லி சிரிச்சேன். அந்தம்மா தெலுங்கும் தமிழுமா ஒரே போடு போட்டுச்சு: "ஏமண்ணா, அவர ஏழு தடவ அமுக்காதன்றியே, உங்க சர்ச்சுல மைக்கப் புடிச்சுக்கினு அல்லேலூயாவ எத்தன தடவ அமுக்கறீங்க?"

நடுவுல நின்னுச்சு

மூணாவது நாளு சாயங்காலம் லிஃப்ட்டு ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுச்சு. லைட்டும் இல்ல. உள்ள ஆறு பேரு. முனிரத்தினமும் இருந்தான், அவனோட பத்து நிமிஷம் ஓடிக்கினு இருந்துச்சு. ஒரு பெரியம்மா கோவிந்தா கோவிந்தான்னுச்சு. புர்கா போட்ட அக்கா ஒண்ணு கண்ண மூடிக்கினு என்னமோ ஓதுச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க சாமி. சிலுவ போட்ட நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஃபோனத் தட்டி, "மஸ்தான் பாய்! மஸ்தான் பாய்!"னு கத்துனேன். மஸ்தான் பாய் எங்க எலக்ட்ரீஷியன்.

இருட்டுல முனிரத்தினம் என் தோள் மேல கைய வெச்சான். "பயப்படாதண்ணா. டெய்லி ஜெபம் பண்ற ஆளு நீ, உனக்கு ஒண்ணும் ஆவாது"ன்னான். அப்ப தான் எனக்கு வேர்த்துச்சு பாருங்க, சட்ட ஒடம்போட ஒட்டிக்கிச்சு.

மஸ்தான் பாய் சாவி போட்டுக் கதவத் தெறந்தாரு. டார்ச்ச ஒவ்வொரு மூஞ்சியிலயா அடிச்சாரு, கடைசியா என் மூஞ்சியில அடிச்சாரு: "சாமியக் கூப்ட்டவங்கல்லாம் நிதானமா நிக்கறாங்க, என்னக் கூப்ட்ட நீ மட்டும் ஏன்யா இப்டி நனஞ்சு கீற?"

கீழ எறங்கறப்ப

இன்னிக்காச்சும் பண்ணிடணும்னு தான் ரூமுக்குப் போனேன். சோறு துன்னேன், படுத்தேன், தூங்கிட்டேன். மனசுல பாரம் இருந்தா தூக்கம் வராதுன்றாங்க. எனக்கு நல்லா வந்துச்சு.

ஒரு வாரம் போச்சு. நாலாவது மாடியில கதவு தெறந்தா, வீல்ச்சேர்ல கௌரி. மூஞ்சி வெளுத்து, கால்ல பெரிய கட்டு. பின்னால தள்ளிக்கினு முனிரத்தினம், பளபளன்னு மொட்ட, அது மேல சந்தனம். கூட ரெண்டு பொம்பளைங்களும் ஏறுனாங்க.

"கௌரி, இந்த அண்ணா தான். எனக்கோசரம் டெய்லி ஜெபம் பண்ணவரு"ன்னான்.

அந்த ரெண்டு பேரும் அப்டியே கையெடுத்துக் கும்பிட்டு, அவங்கவங்க பேஷன்ட்டோட பெட் நம்பர என்கிட்ட சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு நிமிஷம் எனக்கே ஆச வந்துடுச்சு. பாஸ்டர்கிட்ட சொன்னா சாட்சி சொல்ல மேடையில ஏத்துவாரு, மச்சான் மூஞ்சியப் பாக்கலாம். மூணாவது மாடியில அவங்க எறங்குனாங்க. கதவு மூடுச்சு. அந்த மொட்டையப் பாத்தேன். அவன் சொன்ன வார்த்தய அவன் காப்பாத்திட்டான்.

"தம்பி, நான் பண்ணலப்பா"ன்னேன். "ஒரு நாளு கூடப் பண்ணல. மறந்துட்டேன். நீ கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன்."

லிஃப்ட்டு ரெண்டாவது மாடியத் தாண்டுச்சு. கன்னத்துல ஒண்ணு வுழும்னு நின்னேன்.

"நீ பண்றன்னு நெனச்சுக்கினு தாண்ணா நான் அந்த வராண்டாவுல கண்ண மூடுனேன். ரெண்டு நாளா தூங்காதவன் தூங்குனேன்"ன்னான். "அது பொய்யில்ல இல்ல? வுடு."

கீழ வந்துட்டோம். கதவு தெறந்துச்சு. அது வரைக்கும் வாயே தெறக்காத கௌரி எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துச்சு: "ஒருத்தன் தூங்குனானாம், ஒருத்தன் மறந்தானாம், சாமி மட்டும் முழிச்சுக்கினு இல்லன்னா என் கதி இன்னாய்யா ஆயிருக்கும்?"

இப்பல்லாம் யாரு ஜெபம் பண்ணச் சொன்னாலும் அவங்க எறங்கற மாடி வர்றதுக்குள்ள பண்ணி முடிச்சிட்றேன், ஏன்னா என் ஞாபகம் எத்தன மாடி வரைக்கும் தாங்கும்னு ஆண்டவருக்கும் தெரிஞ்சு போச்சு, பலமனேருக்கும் தெரிஞ்சு போச்சு.