நிழலில் நட்ட சூரிய விளக்கு

சாந்தினி எந்த அறையைவிட்டு வெளியேறினாலும் விளக்கை அணைத்துவிடுவாள். உள்ளே ஆள் இருப்பதுகூடக் கண்ணில் படாது. மலேசியாவின் பாடாங் மேஹா தோட்ட வீட்டில் சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்ட பழக்கம். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவள், ஒரு நகராட்சியில் பருவநிலை, எரிசக்தி ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போனபோது நேர்காணலில் அதையே தகுதியாகச் சொன்னாள்.

வெயிலைத் தணிக்க வேகமாக வளரும் மரங்கள் நடலாம் என்றது பூங்காப் பிரிவு, தலையாட்டினாள். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சூரிய விளக்குகள் வைக்கலாம் என்றது விளக்குப் பிரிவு, அதற்கும் தலையாட்டினாள். இரண்டும் ஒரே சாலைக்கு. இரண்டு கூட்டத்திலும் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

மரங்கள் செழித்தன. நிழல் விழுந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. தொழிற்சாலை வேலை முடிந்து அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டு பிரேமாவதி அக்கா, இருட்டில் சாக்கடைக்குள் விழுந்து, காலில் கட்டோடு வந்து நின்றார்.

"என்னா சாந்தினி, லைட்டுக்கு நீதானே பெரிய ஆபிசரு?"

"மரத்துக்கும் நான்தான்கா."

"அப்ப உன்னைய நீயே கூப்பிட்டு ஒரு மீட்டிங் போடுலா!"

போட்டால் அதிலும் தலையாட்டிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். "இந்த மாசமே லைட் எரியும்கா" என்று வாக்குக் கொடுத்தாள்.

விளக்கை நகர்த்து என்றது பூங்காப் பிரிவு. கிளையை வெட்டு என்றது விளக்குப் பிரிவு. முடிவை ஒருங்கிணைப்பாளரே சொல்லட்டும் என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

அவள் இன்னும் சொல்லவில்லை. பிரேமாவதி அக்கா கைப்பேசி வெளிச்சத்தில்தான் வீட்டுக்கு நடக்கிறார். அவருக்குத் தரவேண்டிய விளக்கு பாக்கி.