சோலையம்மாளின் நம்பிக்கைக் கணக்கு

மகள் என்ன படிக்கிறாள் என்று அமராவதிபுதூரில் யார் கேட்டாலும் பெத்தன் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "ஆளை ஆளு எப்ப நம்புவான்னு கணக்குப் போடுதாம்." கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்குள் அந்தச் சிரிப்பு இருக்காது. 1974 தை பிறந்ததுமே சோலையம்மாளிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஆவணிக்குள்ள முடிச்சுப்புடு ஆத்தா. அதுக்கு மேல உங்கத்தை வீட்டுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் அவள் கணித ஆராய்ச்சி மாணவி. அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இது: இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொன்ன சொல்லைக் காக்கலாம், ஏமாற்றலாம். இருவரும் காத்தால் இருவருக்கும் நல்லது. ஒருவன் மட்டும் ஏமாற்றினால் அவனுக்குக் கூடுதல் லாபம். அப்படியிருக்க நம்பிக்கை எப்படி வேர்பிடிக்கிறது? நூற்றுக்கணக்கான கற்பனை மனிதர்களை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். கையால் ஆகிற காரியமில்லை என்பதால் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதினாள்.

கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. புரோகிராமின் ஒவ்வொரு வரியும் துளையிட்ட ஓர் அட்டை. அட்டைகளை வரிசை கலையாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெளியூர் மாணவர்களுக்கு முறை கிடைப்பதே அபூர்வம். பெண்பிள்ளையைத் தனியாக ரயிலேற்றப் பெத்தன் சம்மதிக்கவில்லை. அதே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்த ஏகப்பன், தன் வேலையாகப் போகும்போதெல்லாம் அவள் அட்டைக்கட்டையும் சுமந்துபோனான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சித்திரையில் அவன் கொண்டுவந்த, கம்ப்யூட்டர் அச்சடித்த தாள்களைப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஏமாற்று, ஏமாற்று, ஏமாற்று. சொல் காத்தவன் ஒருவன்கூட இல்லை. அவள் கையால் போட்டுப் பார்த்த சின்னக் கணக்குகள் அப்படிச் சொல்லவில்லையே!

"அட்டையக் கீழ போட்டீகளா?"

"இல்லையே."

"வரிசை கலைஞ்சிருக்கு."

"கலையலைங்க. மெட்ராஸ் வரைக்கும் மடியிலதான் வச்சிருந்தேன்."

துறையில் அப்போது ஓர் ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. இருவரில் யார் முதலில் முடிப்பாரோ அவருக்கு என்று பேச்சு. அதற்காக வேண்டுமென்றே கலைத்திருப்பானோ என்ற நினைப்பு உள்ளே நுழைந்ததும் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நேராகப் பேராசிரியரிடம் போய் அழுதாள். அவர் ஏகப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார். "அட்டை கலையலை சார்" என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் குற்றமாக எடுத்துக்கொண்டு, இனிமேல் சென்னைப் பக்கம் போகக் கூடாது என்றார். வைகாசி முடிவதற்குள் ஏகப்பன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒக்கூரில் தன் வீட்டுக்கே போய்விட்டான்.

வரிசை கலைந்ததை நிரூபித்தே தீருவது என்று சோலையம்மாள் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் அட்டையும் இடம் மாறியிருக்கவில்லை. திகைத்துப்போய், கம்ப்யூட்டர் செய்ததைத் தானே தாளில் படிப்படியாகச் செய்து பார்த்தாள். முதல் ஜோடியின் ஆட்டம் அவள் நினைத்தபடியே நடந்தது; ஏமாந்தவன் பதிலுக்கு ஏமாற்றினான். இரண்டாவது ஜோடியில் புதிதாக வந்தவன் எடுத்த எடுப்பிலேயே ஏமாற்றினான். எதற்கு? முன்னால் ஏமாந்தவனின் கோபம் கம்ப்யூட்டரின் நினைவில் அழியாமல் கிடந்தது. ஆட்டம் புதிதாகத் தொடங்கும்போது பழையதைத் துடைக்கச் சொல்லும் ஒரு வரியை அவள் எழுதவேயில்லை. யாரோ செய்த துரோகத்துக்கு யாரையோ தண்டித்துக்கொண்டே போயிருக்கிறது அவள் புரோகிராம்.

தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பேராசிரியரிடம் ஓடினாள்.

"தப்பு என்னோடது சார். அவுகளத் திரும்பக் கூப்பிடுங்க."

"திருத்தி ஓட்டிக்கம்மா. போனவன் போயிட்டான். இப்பக் கூப்பிட்டா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

வீட்டில் சொல்லாமல் ஒக்கூருக்குப் பஸ் ஏறினாள். உச்சி வெயில். வாசலுக்கு வந்த ஏகப்பன் அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டான்.

"வரியச் சேத்துட்டீகளா?"

"சேத்துட்டேன்."

"அப்பச் சரியா வரும்."

"நீங்க திரும்பி வாங்க. துறையில அத்தனை பேர்கிட்டயும் நானே சொல்றேன்."

"கோவத்துல சொன்னதுகூடப் பரவாயில்லங்க. இத்தனை தடவை சுமந்தவன்கிட்டக் கேட்டீக. நான் சொன்ன பதில நம்பலையே. இனிமே அங்குட்டு எனக்குக் கால் வராது." உள்ளே போய்ச் செம்போடு வந்து, "வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றான். செம்பை வாங்கி, குடிக்காமலே திண்ணையில் வைத்தாள்.

சொன்னபடியே துறையில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் ஏகப்பனுக்கும் அவளுக்கும் வேறு கதை கட்டினார்கள். வேலை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. திருத்திய புரோகிராமைச் சென்னைக்குக் கொண்டுபோக ஆளில்லை. ஒருவரிடம் கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆவணியில் காளையார்கோவிலில் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

ஏகப்பன் பம்பாயில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறான் என்று வெகுகாலம் கழித்து யாரோ சொன்னார்கள். அவன் பிழைத்துக்கொண்டான் என்று நிம்மதி வந்தது. அதனால் தன் பாரம் இறங்கிவிடாது என்பதும் கூடவே தெரிந்தது. அன்று உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.