சொந்த இயங்குதளத்துக்குப் பெயர் வைத்த இடம்

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தாளாளருக்குச் சொந்தமாக ஓர் இயங்குதளம் தேவைப்பட்டது. கோழித்தீவன ஆலையில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். தீவன மூட்டை, பேருந்து, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. கணினிக்குள் மட்டும்தான் பாக்கி.

துறைத்தலைவர் வழி சொன்னார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை இறக்கிப் பெயரையும் சின்னத்தையும் மாற்றிவிட்டால் முடிந்தது. வெளியீட்டு விழா அழைப்பிதழில் 'நம் மண்ணின் கண்டுபிடிப்பு' என்று அச்சடித்தும்விட்டார்.

லினக்ஸில் 'நான் இன்னார், என் பதிப்பு இது' என்று சொல்லும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதன் அசல் யூஎஸ்ஆர் என்ற கோப்புறைக்குள் இருக்கும். அது தயாரித்தவர்களின் இடம். புதுப்பிப்பு வரும்போது அங்கே இருப்பதை அழித்துத் தங்களுடையதை எழுதிவிட்டுப் போவார்கள். நம் சொந்த மாற்றத்தை இடிசி என்ற கோப்புறையில் வைத்தால் தொடமாட்டார்கள். மென்பொருள்களும் முதலில் அங்கேதான் பார்க்கும். இதைச் சொன்னதும் துறைத்தலைவர் முகம் சுளித்தார்.

"இடிசில வெக்கறது வாடகைக்கு இருக்கறவன் போர்டு மாட்டற மாதிரிங்க. தயாரிச்சவங்க எடத்துலயே நம்ம பேரை எழுதுங்க."

"தயாரிச்சது நாம இல்லீங்களே சார்."

"அதை ஆருங்க இப்பக் கேட்டாங்க?"

எழுதினேன். சின்னம் இருந்த இடத்தில் தாளாளரின் சிரித்த முகத்தையும் வைத்தேன். விழாவன்று காலையில், எல்லாம் புத்தம்புதிதாக இருக்க வேண்டுமென்று துறைத்தலைவரே புதுப்பிப்பை ஓட்டிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் அசல் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் பளிச்சென்று வந்து நின்றன. தாளாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"ஏனுங்க, இது ஆருங்க? நம்ம படத்தைக் காணமுங்க?"

துறைத்தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "இவங்கதான் நம்ம வெளிநாட்டுக் கூட்டாளிங்க!"

அரங்கம் கைதட்டியது. தாளாளர்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். துறைத்தலைவருக்குச் சால்வை.

மறுநாள் இடிசியில் சரியாக வைத்துவிடட்டுமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "கூட்டாளி பேரை அழிக்கறது மரியாதைங்களா?" என்றார். அந்தக் கூட்டாளிகளுக்கு நாங்கள் உயிரோடு இருப்பதே தெரியாது.

அடுத்த சேர்க்கைக்குள் அவர் முதல்வராகிவிட்டார். கல்லூரிக் கையேட்டில் 'சர்வதேச ஒத்துழைப்பு' அரைப் பக்கத்துக்கு வந்தது. எருமப்பட்டியிலிருந்து மகளைச் சேர்க்க வந்திருந்த விவசாயி ஒருவர் அதை விரலால் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டார்.

"படிப்பு முடிஞ்சா புள்ளைய இவங்களே வேலைக்குக் கூட்டிக்குவாங்களா சாமி?"

முதல்வர் அறை எதிரில்தான் என்று கைகாட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.